பொருந்தாப் புரிகள்

பழுதடைந்த பொருளைத் திருத்துவது பஞ்சத்தின் அடையாளம், எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதே நாகரிகத்தின் அடையாளம் என்றொரு புதுவேதம் நம்மிடையே பரவி வருகின்றது. இதனை ஓதுவோர் இறக்குமதி வியாபாரிகள் மாத்திரமாயின், அவர்கள் தம் தொழிலைச் செய்கின்றனர் என்று விட்டுவிடலாம். ஆனால், ஆசிரியர் அறையில், அதுவும் சமூக மாற்றம் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நண்பர்களின் வாயிலிருந்து இது வரும்போது வாளாவிருக்க முடியவில்லை. "உந்தப் பழைய இரும்பைக் கட்டி அழாமல் புதிசொண்டை வாங்குங்கோவன், மாஸ்டர். காலம் மாறிப்போச்சு" என்றார் எம்முடன் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர். அவர் நல்லவர். காலம் மாறியதும் உண்மையே. காலத்தை மாற்றியவர் யார், அதன் செலவை யார் தலையில் கட்டினார் என்பனவே என் கேள்விகள்.

அவர் பழைய இரும்பு என்றது என் துவிச்சக்கரவண்டியை. பாரிசில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவி வாழ்ந்த என் சிறிய தந்தையார், கடைசி ரயில் போனபின் வேலை விட்டு அறைக்குத் திரும்புவதற்கென்று பழைய விலைக்கு வாங்கிய பந்தய வண்டி அது. 1970களில் பிரான்சிலேயே செய்யப்பட்டது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்தபின், அடுத்த ஆண்டு ஊருக்கு வந்தவர் அதனைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். பல்கலைக்கழகக் காலம் முழுவதும் அதிலேதான் திரிந்தேன். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. இது தாழ்வாரத்தில் தொங்கிற்று. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்திலே மீண்டும் இறக்கினேன். அவ்வேளையில் நாடு முழுவதும் சைக்கிள் விலை எவ்வாறு ஏறிற்று என்பது வாசகர் அறிந்ததே. சட்டகம் இன்றும் ஒரு கீறல் இன்றி நிற்கின்றது. தேய்ந்தது மிதிகட்டை அச்சைத் தாங்கும் கிண்ணம் ஒன்று, நம் சைக்கிள் கடைகளில் 'கப்' என்று சொல்வது. கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் இரும்பு வளையம். சங்கிலி தொடங்கும் இடமே அதுதான். அது ஆடினால் எல்லாம் ஆடும்.

எங்கள் சந்தியில் முப்பது வருடமாகச் சைக்கிள் திருத்தும் அண்ணரிடம் கொண்டுபோனேன். வலப்பக்கக் கிண்ணத்தில் சாவியைப் போட்டுத் தம் பலமெல்லாம் கொடுத்துத் திருப்பினார். அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி திருப்பினார். இன்னும் இறுகிற்று. அவர் அறிந்த வண்டிகளில் வலப்பக்கக் கிண்ணம் இடம்புரி. வலமாகச் சுழற்றினால் கழலும். பிரெஞ்சுக்காரனோ இரு பக்கத்துக்கும் வலம்புரியே வெட்டியிருக்கின்றான். ஆகவே, கழற்றுவதாக எண்ணி அவர் அரை நாள் இறுக்கிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்து கழற்றியபின், கடையிலிருந்த புதுக் கிண்ணத்தை எடுத்துப் போட்டார். முதற்சுற்று சுகமாக ஏறிற்று. இரண்டாவது சுற்றிலே பிடித்துக்கொண்டது. "இது எங்கட புரி இல்லை, மாஸ்டர். இன்னும் திருப்பினால் பிறேமும் பழுதாப்போம்" என்று கையை எடுத்துவிட்டார்.

அவர் சொன்னது மிகச்சரி. ஆங்கிலப் புரியின் விட்டம் 1.37 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 24 புரி. பிரெஞ்சுப் புரியின் விட்டம் 35 மில்லிமீற்றர். ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே சரியாக 1 மில்லிமீற்றர். இரண்டினதும் இடைவெளியை ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் பதினேழில் ஒரு பங்கு. ஒரு மயிரிழையின் தடிப்பு என்று சொன்னால் அது உவமையன்று, அளவு. அந்த மயிரிழைக்காக ஒரு நல்ல சட்டகம் குப்பைக்குப் போகவேண்டுமா?

பழங்காலம் பொற்காலம், பொருந்தாமை புதுக்காலத்தின் நோய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் வண்டியே எனக்கு எதிர்ச்சாட்சி. இங்கிலாந்துக்கு ஒரு புரி, பிரான்சுக்கு ஒன்று, 36 மில்லிமீற்றர் விட்டத்தில் இத்தாலிக்கு ஒன்று, பிரெஞ்சு அளவையே எடுத்து வலப்பக்கத்தை மாத்திரம் இடம்புரியாக்கிச் சுவிற்சர்லாந்துக்கு ஒன்று என, ஒவ்வொரு தேசத்து முதலாளியும் தத்தம் சந்தைக்கு வேலி கட்டிய காலம் அது. நம் ஊர் வாத்தியார்மாரின் பெருமையாயிருந்த றலி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆங்கிலக் கம்பனிகள் அங்குலத்துக்கு 24 புரி வெட்ட, நொட்டிங்காமிலே றலி மாத்திரம் 26 வெட்டிற்று. ஒரே நாடு, ஒரே அங்குலம். இருந்தும் றலியின் கிண்ணம் மற்றையவற்றில் ஏறாது. இதில் என்ன விஞ்ஞான முன்னேற்றம் இருந்தது?

ஆனால், அதே கம்பனிகள் அனைத்தும் ஓரிடத்தில் ஒத்துப்போயின. மான்செஸ்டரில் ஹான்ஸ் றெனோல்ட் 1880இல் உருளைச் சங்கிலியை ஆக்கியபின் சில காலம் ஓர் அங்குலக் கண்ணியும் வேறு அளவுகளும் புழங்கின. பின்னர் அரை அங்குலமே நிலைத்தது. சங்கிலியின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம்: றலியிலும் அதுதான், என் பிரெஞ்சு வண்டியிலும் அதுதான், இன்று இலட்சக்கணக்கில் விலைபோகும் காபன் வண்டியிலும் அதுதான். இதனை மீற 1970களின் பிற்பகுதியில் யப்பானின் ஷிமானோ முயன்றது. 10 மில்லிமீற்றர்க் கண்ணியுடன் ஒரு தொகுதியை வெளியிட்டது. சந்தை ஏற்கவில்லை, கைவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாக ஓர் அளவு அசையாமல் நிற்க, அதற்குள் பந்தயங்களும் வேகங்களும் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. பொதுவளவு வளர்ச்சிக்குத் தடை என்று வாதிப்பவர்கள் முதலில் இந்தச் சங்கிலிக்கு விடை சொல்லட்டும்.

கியர் நெம்பின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. என் வண்டியின் நெம்பு வெறும் உராய்வினால் நிற்பது. அதற்குப் படிகள் இல்லை. இழுக்கின்றேன், சங்கிலி அடுத்த பற்சில்லில் ஏறும் ஓசை கேட்கின்றது, சற்றே பின்னுக்குத் தளர்த்துகின்றேன், ஓசை அடங்குகின்றது. எந்தக் கம்பனியின் பிறீவீலாயினும், எத்தனை பல்லடுக்காயினும் கையும் காதும் சேர்ந்து இடத்தைக் கண்டுகொள்ளும். பொருத்தம் இரும்பில் இல்லை, ஓட்டுபவரின் பயிற்சியில் இருந்தது. 1984இல் ஷிமானோ இந்த அறிவைக் கையிலிருந்து எடுத்து நெம்புக்குள் வைத்த ஒரு பல்வளையத்துக்குக் கொடுத்தது. ஒரு 'கிளிக்', ஒரு கியர். நல்ல காரியம், புதிதாகப் பழகுவோருக்கும் மலையேறுவோருக்கும் பேருதவி. இதனை நான் பழிக்கவில்லை. ஆனால், அந்தக் கிளிக் வேலை செய்வதற்கு நெம்பு இழுக்கும் கம்பியின் நீளம், கியர் மாற்றி நகரும் தூரம், பற்சில்லுகளின் இடைவெளி, சங்கிலியின் அகலம் எல்லாம் ஒன்றோடொன்று இசையவேண்டும். இசைக்கும் அளவுகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் அளவைத் தன் வேலியாக்கிற்று. ஷிமானோவின் உயர்ந்த தொகுதியான டுரா-ஏஸின் அன்றைய நெம்பு, அதே ஷிமானோவின் கீழ்த் தொகுதியின் கியர் மாற்றியோடு இசையாது. ஒரே வீட்டுக்குள்ளேயே மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே சுவர்!

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கிளிக் செம்மையாக இயங்குவதற்கு உதவிய சாய்ந்த இணைகரக் கியர் மாற்றியை 1964இல் கண்டுபிடித்தது சன்ரூர் என்ற இன்னொரு யப்பானியக் கம்பனி. அதன் காப்புரிமை 1984இல் முடிந்தது. உடனே அந்த நல்ல அமைப்பு எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்று, ஷிமானோவும் எடுத்துக்கொண்டது. பொதுவானதை எடுத்துக்கொண்ட கையே, அதன்மேல் பொதுவாகாத பல்வளையத்தைப் பூட்டி விற்றது. கண்டுபிடித்த சன்ரூர் பத்து வருடத்துக்குள் வீதிவண்டிச் சந்தையில் இருந்தே மறைந்துபோயிற்று.

பின்னர் நடந்தது எண்ணிக்கைப் போட்டி. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அடுக்கு கூடக்கூடச் சங்கிலி மெலிகின்றது: எட்டடுக்குச் சங்கிலியின் அகலம் 7.1 மில்லிமீற்றர் அளவில். பத்தடுக்கில் 6க்குக் கீழே. பின்சில்லைப் பிடிக்கும் சட்டகக் கவையின் இடைவெளி 126இல் இருந்து 130 ஆயிற்று. பதினொன்றாவது அடுக்குக்கு இடம் வேண்டுமென்று சில்லின் உடலை 1.85 மில்லிமீற்றர் நீட்டினார்கள். அதற்கு முந்திய சில்லுகள் அவ்வளவில் வழக்கொழிந்தன. முன் பற்சில்லைப் பூட்டும் ஐந்து துளைகளின் வட்டம் 144 ஆகவும் 135 ஆகவும் 130 ஆகவும் 122 ஆகவும் 110 ஆகவும் இருந்து, பின்னர் துளைகளே நான்காயின. இவற்றுள் சிலவற்றுக்கு யந்திரவியல் நியாயம் உண்டு. பதினொரு பற்சில்லை ஆறின் இடத்தில் அடக்க முடியாதல்லவா. துளை வட்டத்துக்கு என்ன நியாயம்? தேய்ந்த ஒரு வளையத்துக்காகக் கிராங்கையே மாற்றச் செய்யும் நியாயத்தைத் தவிர வேறொன்றும் எனக்குப் புலப்படவில்லை.

இவையெல்லாம் ஒரு தனி மனிதனின் பேராசை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1990இல் அமெரிக்காவின் ஸ்ராம் கம்பனி ஷிமானோமேல் வழக்குத் தொடுத்தது. சைக்கிள் செய்யும் கம்பனிகள் நெம்பு முதல் சங்கிலி வரை முழுத் தொகுதியையும் தன்னிடமே வாங்கினால் ஷிமானோ விலையில் கழிவு கொடுக்கின்றது. ஆகவே ஒரே ஓர் உறுப்பைச் செய்பவன் நுழைய வழியில்லை என்பது முறைப்பாடு. நியாயமான முறைப்பாடு. ஸ்ராம் அப்போது பிறந்து மூன்றே வருடமான சிறு கம்பனி; கைப்பிடி நெம்பு ஒன்றையே விற்றது. அடுத்த ஆண்டு வழக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அதே ஸ்ராம் வளர்ந்து பெரிதானதும் என்ன செய்தது? தனக்கெனக் கம்பி இழுப்பளவு, தனக்கெனச் சில்லின் உடல். 2019இல் வெளியிட்ட வீதிவண்டித் தொகுதியில் சங்கிலி உருளையின் விட்டத்தையே மாற்றிவிட்டது. நேற்று வேலிக்கு வெளியே நின்று அழுதவன் இன்று உள்ளே நின்று வேலி கட்டுகின்றான். குற்றம் பெயரில் இல்லை, உற்பத்தி உறவில் இருக்கின்றது.

எதிர்மறையான உதாரணமும் உண்டு. அது நம் வீதியிலேயே ஓடுகின்றது. இந்தியாவின் லுதியானாவிலிருந்து வரும் கறுப்பு வண்டி. அதன் கிராங்கைக் கொட்டர்பின் அடித்துப் பூட்டுவார்கள். அதன் சங்கிலி எட்டிலொரு அங்குலம் அகலம். எந்தக் கிராமத்துக் கடையிலும் அதற்கு உறுப்பு உண்டு. அதன் உறுப்பு பொருந்துவதற்கு முதலாளிகளின் நல்மனம் காரணமன்று. லுதியானாவில் ஒருவன் பெடல் செய்கின்றான், இன்னொருவன் கிண்ணம், மற்றொருவன் பிறீவீல். எண்ணற்ற சிறு பட்டறைகள். ஒருவன் தன்னிஷ்டத்துக்குப் புரி வெட்டினால் அவன் சரக்கு அடுத்த பட்டறையில் ஏறாது, அன்றே அவன் கதை முடியும். உறுப்பைச் செய்பவர் பலராக இருக்குமிடத்தில் பொருத்தம் பிழைப்பாகின்றது. எல்லாவற்றையும் ஒருவனே செய்யுமிடத்தில் பொருந்தாமை இலாபமாகின்றது.

1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விற்வேத், திருகாணிகளுக்கு ஒரே புரியளவு வேண்டுமென்று பொறியியலாளர் சபையில் வாதாடினார். அதுவரை பட்டறைக்கொரு புரி. ரயில்வேக் கம்பனிகள் அவர் அளவை ஏற்றன. ஏனெனில் வழியில் நின்ற யந்திரத்துக்கு ஆணி தேடி அலைவதில் நட்டம் அவர்களுக்கே. வாங்குபவன் பலவானாக இருந்தான்; அளவு ஒன்றாயிற்று. சைக்கிள் ஓட்டுபவன் ஒற்றை ஆள். தேய்ந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தியில் நிற்கும் அவனுக்குச் சங்கமுமில்லை, சபையுமில்லை.

எமக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சினையுமன்று. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் விறகு மூட்டையைச் சந்தைக்கும் கொண்டுபோனது அது. மின்சாரம் இல்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றித்தான் என் தந்தையார் வானொலிச் செய்தி கேட்டார். புது உறுப்பு வராத அந்நாட்களில் இரண்டு உடைந்த வண்டிகளைப் பிரித்து ஒரு நல்ல வண்டி செய்தார்கள் சந்திக் கடைக்காரர்கள். இரண்டினதும் கிண்ணம் ஒன்றுக்கொன்று ஏறியபடியாற்றான் அது முடிந்தது. றலியைக் கொண்டுவந்தால் மாத்திரம் "இதுக்கு வேற புரி" என்று ஒதுக்கி வைப்பார்களாம். பொருத்தம் என்பது அன்று உயிரோடு கூடிய விஷயம்.

"ஒன்லைனில் எல்லாம் கிடைக்குமே" என்பவர்களும் உளர். கிடைக்கும். என் கிண்ணமும் ஐரோப்பாவில் கிடைக்கின்றது. அஞ்சற் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்த்துப் பார்த்தபோது என் மாதச் சம்பளத்தில் ஐந்திலொன்றுக்கு மேல் வந்தது. வாங்குமுன் எதை வாங்குவது என்று அறிவதே ஒரு படிப்பு. நாற்கோண அச்சுக்கும் இரண்டு அளவு: யப்பானிய அளவும் சர்வதேச அளவும். சரிவு இரண்டிலும் ஒன்றே. முனைத் தடிப்பு மாத்திரம் வேறு. மாற்றிப் போட்டால் கிராங் நாலரை மில்லிமீற்றர் தள்ளி நின்று சங்கிலி கோணலாகும். இத்தனையையும் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்த ஷெல்டன் பிறவுண் என்பவர் தாமாகவே தொகுத்து எழுதி எவரும் இலவசமாகப் படிக்க வைத்தார். 2008இல் அவர் காலமானார். இன்றும் உலகம் அவர் குறிப்புகளையே புரட்டுகின்றது. கம்பனிகள் வெளியிடக் கடமைப்பட்ட அட்டவணையை ஒரு கடைத் தொழிலாளி தம் ஓய்வு நேரத்தில் எழுதவேண்டியிருந்தது.

தேய்வும் தேய்வின் பெயரால் நடக்கும் வியாபாரமும் வேறுவேறு. சங்கிலி தேய்வது இயற்கை. அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்: இருபத்துநான்கு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கவேண்டும். பதினாறிலொரு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றுங்கள். எட்டிலொன்று கூடும்வரை விட்டால் பற்சில்லும் தேய்ந்து, புதுச் சங்கிலி அதில் வழுக்கும். இவ்வளவும் பௌதிகம், இதற்கு எந்த முதலாளியையும் நோகவேண்டியதில்லை. அதே அளவில் பற்சில்லு கிடைக்காமல் சில்லையும், சில்லுக்காகச் சட்டகத்தையும் மாற்றச் சொல்வது பௌதிகமன்று.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் திருத்தும் உரிமை பற்றி ஒரு சட்டம் செய்தது. சலவை யந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி முதலியன அதற்குள் வருகின்றன. சாதாரணச் சைக்கிள் வரவில்லை. நம் நாட்டிலோ அப்பேச்சே இல்லை. கொள்கலன் கொள்கலனாகப் பழைய யப்பானிய வண்டிகள் வந்து இறங்குகின்றன. இறக்குபவனுக்கு ஓர் உறுப்பேனும் வைத்திருக்கும் கடமை இல்லை. வண்டியை விற்பவன் அதன் தேயும் உறுப்புகளைப் பத்து வருடமாவது விற்கவேண்டும், அளவுகளை எழுதி ஒட்டவேண்டும் என்று கேட்பது புரட்சிகூட அன்று; விற்வேத் கேட்டதைவிடக் குறைவு. இதனைக் கேட்கவேண்டிய இடதுசாரி நண்பர்கள், தொழிற்சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்து "எறிஞ்சுபோட்டுப் புதிசு வாங்குங்கோ" என்கின்றனர். எறியப்படுவது இரும்பு மாத்திரமா? கையால் தொட்டுப் புரியை இனங்காணும் அண்ணரின் முப்பது வருட அறிவும் அதே குப்பையில்தான் விழுகின்றது. அவருடைய மகன் அத்தொழிலுக்கு வரவில்லை. கொழும்பில் பொருட்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

அண்ணர் என் வண்டியைக் கைவிடவில்லை. கடைசல் பட்டறைக்காரர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் பழைய கிண்ணத்தை அளந்து, ஓர் இரும்புத் துண்டில் ஒரு மில்லிமீற்றர்ப் புரி வெட்டித் தந்தார். அச்சொட்டாக ஏறிற்று. இரண்டு மாதத்தில் குண்டுகள் உருளும் பாதையில் பள்ளம் விழுந்து மீண்டும் ஆடிற்று. அடுத்ததும் அவ்வாறே. மெல்லிரும்பு தாங்காது என்பதை அப்போது அறிந்தோம். இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொல்லியபோது, காலம் மாறிப்போச்சு என்ற அதே விஞ்ஞான ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து, "காபன் காணாது. எத்தினை தரம் சூடாக்கினாலும் உது இறுகாது. உடைஞ்ச லொறி அச்சுத் துண்டு ஒண்டு எடுக்கேலுமோ?" என்று கேட்டார். துண்டு கிடைத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை பாடசாலை விட்டபின் பட்டறையில் அதனைக் கடைந்து, செம்மையாகச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கப்போகின்றோம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர் நால்வர் தாங்களும் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.